ரவாங் மின்பொறியும் கணினி மேகமும்

1894-ஆம் ஆண்டில் சிலாங்கூர் மாநிலத்து ரவாங் ஈயச் சுரங்கத்தில், நீர் இறைப்பதற்கென ஒரு மின்னாக்கப் பொறி நிறுவப்பெற்றது. நிறுவியவர் இருவர். ஒருவர் சீனப் பெருவணிகர் லோக் யூ. மற்றவர் கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயிலைத் தோற்றுவித்த தம்புசாமி பிள்ளை. மலாயாவில் மின்னாற்றல் பயன்பட்டதற்குக் கிடைக்கும் மிகப் பழைய குறிப்பு இதுவேயாகும்.

இந்த மின்பொறியின் கதைக்கும், இக்காலத்தார் 'மேகக் கணிப்பு' என்று கூறும் கணினிக் கலைக்கும் என்ன உறவு என்று வினவலாம். உறவு நெருக்கமானது. மின்சாரம் இந்நாட்டில் மூன்று படிகளில் பரவிற்று. முதலில் வேண்டியவர் தத்தமக்கெனப் பொறி வைத்துக்கொண்டனர். பின்னர்ப் பல பொறிகள் ஒன்றோடொன்று கம்பியால் இணைந்தன. இறுதியில் பொறி எங்குள்ளது என்று அறியாமலே, அளவுகருவி காட்டும் தொகையைச் செலுத்தி எவரும் ஆற்றலைப் பெறலாயினர். கணிக்கும் ஆற்றலும் இதே மூன்று படிகளில் ஏறியுள்ளது. ஒன்றிற்கு ஆன காலத்தினும் மற்றதற்கு ஆன காலம் குறைவு. வழி மட்டும் ஒன்றே.

மின்சாரம் காட்டிய வழி

ரவாங் சுரங்கத்துக்கு அடுத்த ஆண்டிலேயே, அதாவது 1895-இல், அவ்வூர்த் தெருவிளக்குகளுக்கும் மின்சாரம் கிட்டியது. 1900-இல் பகாங் மாநிலத்து ரவூப் தங்கச் சுரங்க நிறுவனம் செம்பாம் ஆற்று நீரால் மின்சாரம் எடுத்தது. இவையெல்லாம் தனித்தனித் தீவுகள். ஒரு சுரங்கத்தில் பொறி ஓய்ந்து கிடக்கும் நேரத்தில் மற்றொரு சுரங்கம் இருட்டில் கிடக்கும்; ஒன்றின் மிச்சம் மற்றொன்றுக்கு உதவாது.

1949-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் மத்திய மின்சார வாரியம் அமைந்தது. 1953-இல் கிள்ளானில் கன்னாட் பிரிட்ஜ் மின்நிலையம் எழுந்தது. அதன்பின் கம்பிகள் ஊரையும் ஊரையும் பிணைத்தன. தோட்டங்களுக்கு மட்டும் இப்பேறு விரைவில் வாய்க்கவில்லை. பல தோட்டங்களில் நெடுங்காலம் தோட்டத்தின் சொந்தப் பொறியே லயத்துக்கு ஒளி தந்தது. மாலையில் எரிந்து, இரவில் குறித்த நேரத்தில் அணைந்துவிடும். பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படிப்பதும் அந்நேரத்துக்குள் அடங்கவேண்டும். தனிப்பொறியை நம்பி வாழ்வதன் குறை யாது என்பதைத் தோட்டத்து மக்கள் பட்டு அறிந்தவர்கள்.

மனிதரே கணினியாய் இருந்த காலம்

கணிக்கும் வேலையைப் பலருக்குப் பங்கிடுதல் பொறிகள் பிறப்பதற்கு முன்பே தோன்றிய கலை. 'கணிப்பாளர்' என்பது அக்காலத்தில் ஒரு மனிதர் வகித்த பதவியின் பெயர். 1790-களில் பிரான்சு நாட்டில் புரோனி என்பார் பெரிய மடக்கை அட்டவணைகளைச் செய்விக்கும் பொறுப்பை ஏற்றார். அவர் வேலையை மூன்று அடுக்காகப் பிரித்தார். மேலடுக்கில் கணித அறிஞர் சிலர் வாய்பாட்டை வகுத்தனர். நடு அடுக்கினர் அதனை எண்களாக மாற்றித் தாள்களில் வரிசைப்படுத்தினர். கீழடுக்கில் பலர் கூட்டலும் கழித்தலும் மட்டுமே செய்தனர். கீழடுக்கில் வேலையிழந்த முடிதிருத்துநர் சிலரும் இருந்தனர் என்பர். கடினமான கணக்கு, எளிய சிறு கணக்குகளாக உடைக்கப்பட்டால் எளியவரும் அதனை முடிக்கலாம் என்பதே புரோனி காட்டிய உண்மை.

நம் தமிழ் நிலத்திலும் இதன் தடம் உண்டு. 1802-இல் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலையருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய நில அளவைப் பணி, பின்னர் இந்தியா முழுவதையும் முக்கோணங்களால் அளந்த பெரும்பணியாயிற்று. களத்தில் அளந்த கோணங்களை அலுவலகத்தில் அமர்ந்து கணிக்கக் கணிப்பாளர் வேண்டியிருந்தது. வங்காளத்து இராதாநாத சிக்தார் 1831-இல் அப்பணியில் சேர்ந்து பெயர் பெற்றார்.

1922-இல் இங்கிலாந்தின் ரிச்சர்ட்சன், வானிலையை எண்களால் முன்னறிவது எங்ஙனம் என்று ஒரு நூல் எழுதினார். அதில் அவர் ஒரு கற்பனைக் கூடத்தை வருணிக்கிறார். உலகப்படம் தீட்டிய வட்டமான பேரரங்கம். அதில் 64,000 கணிப்பாளர். ஒவ்வொருவரும் தம் பகுதியின் வானிலையை மட்டும் கணித்து, விடையை அண்டைப் பகுதியினருக்குக் காட்டுவர். நடுமேடையில் ஒரு தலைவர் நின்று, முந்திச் செல்வோர்மீது ஒரு நிற ஒளியையும் பிந்தி நிற்போர்மீது வேறு நிற ஒளியையும் பாய்ச்சி எல்லாரையும் ஒரே நடையில் செலுத்துவார். பொறி ஒன்றேனும் இல்லாத அக்காலத்திலேயே, இணைநிலைக் கணிப்பின் மூன்று உறுப்புகளையும் அவர் கண்டுவிட்டார்: வேலையைப் பிரித்தல், அண்டையாரோடு செய்தி பரிமாறல், எல்லாரையும் ஒரே வேகத்தில் நடத்தல்.

முதற்படி: பல பொறி, ஒரு வேலை

ஒரே வேலையைப் பல கணிப்பொறிகள் ஒரே நேரத்தில் பகிர்ந்து செய்வது இணைநிலைக் கணிப்பு எனப்படும். தோட்டத்தில் இதனை நாள்தோறும் காணலாம். 10,000 பால்மரங்களை ஒருவரே சீவ இயலாது. பெரட்டில் கங்காணி ஆளுக்கு ஏறத்தாழ 500 மரமாக நிரை பிரித்துவிட்டால், 20 பேர் வெயில் ஏறுமுன் சீவி முடிப்பர். ஆள்களை 40 ஆக்கினால் சீவும் நேரம் பாதியாகும். ஆயினும் பாலை அளப்பதற்கு ஸ்டோரில் ஒரு தராசும் ஒரு கிராணியும் மட்டுமே இருந்தால், அங்கு நிற்கும் வரிசை குறையாது. ஆள்கள் கூடினால் வரிசை நீளவும் செய்யும்.

இவ்வுண்மையை 1967-இல் ஜீன் அம்டால் என்ற அமெரிக்கப் பொறியாளர் கணக்காக வகுத்துரைத்தார். 100 நிமிட வேலையில் 5 நிமிட வேலை பிரிக்கவே முடியாதது என்று கொள்வோம். ஏனைய 95 நிமிட வேலையை ஆயிரம் பொறிகளுக்குப் பங்கிட்டாலும், மொத்த வேலை 5 நிமிடத்துக்குக் கீழ் இறங்காது. ஆகவே வேகம் 20 மடங்குக்கு மேல் உயராது. பொறிகளைக் கூட்டுவது மட்டும் போதாது, பிரிக்கவொண்ணாப் பகுதியைக் குறைப்பதே திறமை என்பது இதன் கருத்து.

அமெரிக்காவில் இல்லியாக் 4 என்ற பொறி 256 கணிப்பு உறுப்புகளோடு திட்டமிடப்பட்டு, 64 உறுப்புகளோடு 1970-களில் இயங்கியது. பெருஞ்செலவில் செய்யப்பட்ட இத்தகைய பொறிகளைப் பிற நாடுகள் எளிதில் பெற இயலவில்லை. இந்தியா அமெரிக்காவிடம் கேட்ட வேகமிக்க கிரே கணிப்பொறி மறுக்கப்பட்டு, அதனினும் ஆற்றல் குறைந்த ஒன்று வானிலைப் பணிக்கென மட்டும் தரப்பட்டது. இம்மறுப்பு நன்மையாய் முடிந்தது. 1986-இல் பெங்களூர் தேசிய வானூர்தி ஆய்வகம் 'புளோசால்வர்' என்ற இணைநிலைப் பொறியைச் செய்தது. 1988-இல் புனே நகரில் சி-டாக் எனும் உயர்கணிப்பு நடுவம் விஜய் பட்கர் தலைமையில் தோன்றியது. 1991-இல் அது 'பரம் 8000' என்ற பொறியை வெளியிட்டது. ஒரு பெரும்பொறியை வாங்க இயலாதவர்கள் பல சிறு கணிப்பான்களை இணைத்து அதற்கு ஈடு கண்டனர்.

1994-இல் அமெரிக்க விண்வெளித் துறையின் கோடார்டு நடுவத்தில் ஸ்டெர்லிங், பெக்கர் என்ற இருவர் இன்னும் எளிய வழி கண்டனர். கடையில் விற்கும் சாதாரணக் கணினிகளில் 16 கணிப்பான்களைச் சாதாரணக் கம்பியால் பிணைத்து ஒரே பொறிபோல் இயக்கினர். இம்முறை உலகெங்கும் பரவியது. சென்னைத் தரமணியில், அல்லாடி இராமகிருஷ்ணன் 1962-இல் நிறுவிய கணித அறிவியல் நிறுவனம், 144 கணினிகளை இணைத்து 'கப்ரு' என்ற கூட்டுப்பொறியை அமைத்தது. இமயச் சிகரம் ஒன்றின் பெயரைத் தாங்கிய அப்பொறி, 2004 ஜூனில் உலகின் முதல் 500 பெருங்கணினிகள் பட்டியலில் இடம்பெற்றது. அணுவினுள் துகள்களைப் பிணைக்கும் விசையை ஆராயவே அஃது அமைக்கப்பட்டது. நாட்டின் பெரும்படைக்கலச் சாலைகளோ பெருவணிக நிறுவனங்களோ அன்றி, ஒரு கணித ஆய்வு நிறுவனம் இதனைச் செய்தது என்பது கருதத்தக்கது.

இவ்வாண்டுகளில் இணைநிலைக் கணிப்பு ஆய்வுக்கூடத்தினின்று வீட்டுக்கும் வந்தது. கணிப்பானின் வேகத்தை மேலும் உயர்த்தினால் சூடு தாங்காது என்ற எல்லையை 2004, 2005-ஆம் ஆண்டுகளில் உற்பத்தியாளர் முட்டினர். அதனால் ஒரு சில்லில் ஒரு கணிப்பானுக்கு மாறாக இரண்டும் நான்கும் வைக்கலாயினர். இன்று மாணவன் கையிலுள்ள தொலைபேசியிலும் எட்டுக் கணிப்பான்கள் இருத்தல் வியப்பன்று.

இரண்டாம் படி: ஊரும் ஊரும் இணைதல்

ஒரு கூடத்துப் பொறிகளை இணைத்தபின், வெவ்வேறு ஊர்களிலுள்ள கூடங்களையே இணைத்தால் என்ன என்ற எண்ணம் பிறந்தது. இயான் பாஸ்டர், கார்ல் கெசல்மன் ஆகிய இருவரும் 1998-இல் வெளிவந்த தொகுப்பு நூலால் இதனை நிலைபெறச் செய்தனர். அவர்கள் இதற்கு இட்ட பெயர் 'கிரிட்'. நாடெங்கும் மின்நிலையங்களைப் பிணைக்கும் கம்பிக் கட்டத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரும் அதுவே. தமிழில் இதனை வலைக்கட்டுக் கணிப்பு எனலாம்.

இதில் பொறிகள் ஒரே உடைமையாளருக்கு உரியன அல்ல. ஒரு பல்கலைக்கழகத்தின் பொறி இரவில் ஓய்ந்திருக்கும்போது, பகல்வேளையில் உள்ள மற்றொரு நாட்டின் ஆய்வாளர் அதனைப் பயன்கொள்வார். எனவே இங்குப் பெரும் சிக்கல் வேகத்தைவிட நம்பிக்கையே. வந்தவர் யார், எவ்வளவு பயன்படுத்தலாம், யார் சான்று தருவது என்பனவற்றை எல்லா நிறுவனங்களும் முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வேண்டும். கூட்டுறவுச் சங்கம் நடத்தியவர்க்கு இதன் அருமை விளங்கும்.

பயன் என்ன என்பார்க்கு ஒரு சான்று காட்டலாம். 2006-இல் பறவைக் காய்ச்சல் நச்சுயிரியை முடக்கவல்ல மருந்துப்பொருளைத் தேடி ஐரோப்பிய, ஆசிய ஆய்வாளர் 3,00,000 வேதிப்பொருள்களைக் கணினியில் ஆராய்ந்தனர். ஒரே கணினியில் அதற்கு ஏறத்தாழ 100 ஆண்டுகள் ஆகும். வலைக்கட்டில் இணைந்த 2,000 கணினிகள் நான்கு வாரங்களில் அதனை முடித்தன. ஜெனீவாவருகே செர்ன் துகள்முடுக்கி தரும் தரவுகளும் 40-க்கும் மேற்பட்ட நாடுகளில் பரந்த வலைக்கட்டிலேயே ஆராயப்படுகின்றன. மும்பை, கொல்கத்தா ஆய்வு நிலையங்கள் அதில் பங்கு கொண்டுள்ளன. இந்தியாவின் 'கருடா' வலைக்கட்டு 17 நகரங்களின் 45 நிறுவனங்களை இணைத்தது. சென்னை அவற்றுள் ஒன்று. மலேசியாவில் 1985-இல் தோன்றிய மிமோஸ் ஆய்வு நிறுவனம் இத்துறையில் இறங்கியது. 2005-இல் பல்கலைக்கழகங்களைப் பிணைக்கும் மைரென் ஆய்வு வலையும் ஏற்பட்டது.

தமிழர் தாமே எடுத்த முயற்சி ஒன்றையும் இவ்விடத்துக் கூறவேண்டும். 1998-ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் சுவிட்சர்லாந்து வாழ் அறிஞர் கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களைப் பல நாட்டு அன்பர்க்குப் பங்கிட்டுத் தட்டெழுதச் செய்து, சேர்த்து, எல்லார்க்கும் இலவசமாக வழங்கியது. அங்கே பிணைக்கப்பட்டவை பொறிகள் அல்ல, மனிதர். முறை மட்டும் ஒன்றே.

மூன்றாம் படி: அளந்து பெறுதல்

1961-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக நூற்றாண்டு விழாவில் ஜான் மெக்கார்த்தி, தொலைபேசியைப் போலக் கணிப்பும் ஒருநாள் பொதுப் பயன்பாட்டுச் சேவையாகலாம் என்றார். அக்கனவு நனவாக 45 ஆண்டுகள் ஆயின. 2006-இல் அமேசான் நிறுவனம் முதலில் சேமிப்பிடத்தையும், பின்னர்க் கணிக்கும் ஆற்றலையும் வாடகைக்கு விட்டது. பொறியாளர் வரைபடங்களில், உள்ளே இருப்பது இன்னதென விளக்கத் தேவையில்லாத வலையமைப்பை மேகவடிவில் வரைவது வழக்கம். அதனால் இதற்கு மேகம் என்ற பெயர் அமைந்தது.

ஒரே பொறியைப் பலர்க்கு வாடகைக்கு விடுவது எங்ஙனம்? லயத்தை நினைத்தால் போதும். கூரை ஒன்று, உள்ளே சுவர் எழுப்பிப் பல வீடுகள், ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக் கதவு. ஐ.பி.எம். நிறுவனம் 1960-களிலேயே ஒரு பெருங்கணினிக்குள் இத்தகைய தடுப்புகளை இட்டுப் பல 'தோற்றக் கணினிகளை' உண்டாக்கியது. மேகத்தில் இச்சுவர்களை வேண்டும்போது நொடியில் தள்ளிவைக்கலாம் என்பது ஒன்றே புதுமை. தேர்வு முடிவு வெளிவரும் நாளில் இலட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் பார்க்க முனைவர். அன்று மட்டும் பெரிய வீடு எடுத்து, மறுநாள் சிறிய வீட்டுக்குத் திரும்பலாம். தாமே எடுத்துக்கொள்ளல், வலைவழிப் பெறுதல், பலர் பகிர்தல், விரிந்து சுருங்கல், அளந்து செலுத்தல் ஆகிய ஐந்தும் மேகத்தின் இலக்கணம் என்று 2011-இல் அமெரிக்கத் தர நிறுவனம் வரையறுத்தது.

மேகம் நிற்கும் நிலம்

மேகம் என்ற பெயர் மயக்கம் தருவது. அது வானில் இல்லை. மின்சாரத்தை ஓயாது உண்டு, சூட்டைத் தணிக்க நீரையும் பருகும் பெருங்கட்டடங்களே அதன் உடல். 100 மெகாவாட் ஆற்றலில் ஒரு நாள் முழுதும் இயங்கும் நிலையம் 24 இலட்சம் யூனிட் மின்சாரத்தைக் கொள்ளும். அமேசான் 2024 ஆகஸ்டிலும் மைக்ரோசாப்ட் 2025 மே மாதத்திலும் மலேசியாவில் தம் மேக வட்டாரங்களைத் திறந்தன. கூகுள் 200 கோடி அமெரிக்க டாலர் முதலீட்டை 2024-இல் அறிவித்து, அவ்வாண்டு அக்டோபரில் சிலாங்கூரின் எல்மினாவில் தரவு நிலையத்துக்கு அடிக்கல் நாட்டியது.

எல்மினா என்ற பெயரைத் தமிழர் நன்கறிவர். அது தோட்டத்தின் பெயர்; எல்மினா தோட்டத் தமிழ்ப்பள்ளியின் பெயரும் ஆகும். மிமோஸ் அமைந்த புக்கிட் ஜாலிலும் முன்னர் இரப்பர்த் தோட்டமே. 1996-இல் வகுக்கப்பட்ட பல்லூடகப் பெருவழியின் நகரான சைபர்ஜெயாவும், அதன் அண்டை நகரான புத்ராஜெயாவும் தோட்ட நிலத்தில் எழுந்தவை. புத்ராஜெயாவின் நிலத்தில் 1921 முதல் இருந்த பிராங் பெசார் தோட்டம், 'பி.பி.' என்ற ஈரெழுத்தைத் தாங்கிய உயர்வகை இரப்பர்க் கன்றுகளால் உலகப் புகழ் பெற்றது. கிள்ளானைச் சுற்றி மேரு, காப்பார், புக்கிட் ராஜா வட்டாரங்களிலும் பால்மரமும் செம்பனையும் நின்ற இடங்களில் தொழிற்சாலைகள் நிற்கின்றன. தமிழர் காடழித்து நட்ட நிலமே இன்று மேகத்தைத் தாங்குகிறது. அந்நிலத்தில் எழுந்த புதுத் தொழிலில் அவர்தம் பேரப்பிள்ளைகள் காவலராகவும் கட்டடம் துப்புரவாக்குவோராகவும் மட்டும் நிற்பரோ, பொறியை ஆள்வோராகவும் அமர்வரோ என்பதே இவ்வரலாறு எழுப்பும் வினா.

மின்சாரத்துக்கும் மேகத்துக்கும் ஒரு வேறுபாடு உண்டு. மின்சாரத்தை நாம் பெறுகிறோம்; எதையும் அனுப்புவதில்லை. மேகத்திலோ கணிக்க வேண்டியதை முதலில் அனுப்ப வேண்டும். கணக்கேடு, மாணவர் பதிவு, கடிதம், நூல் ஆகிய அனைத்தும் பிறர் கூரைக்கீழ்ச் செல்கின்றன. ஆதலின் எந்த நாட்டில் வைக்கப்படுகிறது, திரும்பப் பெறுவது எங்ஙனம், மற்றொரு படி எங்குள்ளது என்ற மூன்றையும் கேட்டறிந்த பின்பே ஒரு நிறுவனம் தன் ஏடுகளை மேகத்துக்கு ஏற்ற வேண்டும்.

இன்னொன்றும் கருதத்தக்கது. முதலிரு படிகளிலும் ஆற்றலைப் பெற்றவர் அதனை ஆக்கும் கலையையும் பெற்றனர். தரமணியில் பொறிகளைப் பிணைத்தவர்கள், பிணைக்கும் அறிவைப் பெற்றனர். மூன்றாம் படியில் தொகை செலுத்தினால் போதும்; அறிவு தானே வாராது. அதனைப் பள்ளியே தரவேண்டும்.

அதற்கு விலையுயர்ந்த பொறிகள் தேவையில்லை. 60 பக்கமுள்ள ஒரு தமிழ்நூலை 30 மாணவர்க்கு ஆளுக்கு இரண்டு பக்கமாகப் பிரித்துக் கொடுத்து, ஒவ்வொரு சொல்லும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணச் செய்யலாம். பின்னர் அகரத்தில் தொடங்கும் சொற்களின் தாள்களை ஒருவரும், ககர வரிசைத் தாள்களை மற்றொருவருமாகப் பெற்றுக் கூட்டலாம். கூகுள் அறிஞர் இருவர் 2004-இல் வெளியிட்ட பெயர்பெற்ற பங்கீட்டு முறையின் சாரம் இதுவே. இதைச் செய்யும்போது ஒரு சிக்கல் எழும். 'மரத்தடியில்' என்பதை ஒரு சொல்லாக எண்ணுவதா, பிரித்து எண்ணுவதா? ஒருவர் ஒருவகையாகவும் மற்றவர் வேறுவகையாகவும் எண்ணினால், கூட்டிய தொகை பிழைபடும். பங்கிடுமுன் விதியை ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதை மாணவர் அப்போதே உணர்வர்; புணர்ச்சி விதியின் பயனையும் அதே வகுப்பில் உணர்வர். இணைநிலைக் கணிப்பின் முதற்பாடத்தைத் தமிழாசிரியர் ஒருவர், ஒரு நூலையும் முப்பது தாள்களையும் கொண்டு ஒரு பாடவேளையில் நடத்திவிடலாம்.